மலையேறாத சாமி

(உலக மனநல நாளையொட்டிக் கோவில்பட்டியில் நடந்து, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பட்டிமன்றம். தலைப்பு: "பித்துக்கு உருவம் கொடுப்பது மூளையா? ஊரா?" 'ஊரே' என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)



சொந்த ஊரிலே பேசுறதுல ஒரு சிக்கல் இருக்கு, நடுவர் அவர்களே. வெளியூர் போனா நான் முனைவர். இங்கே முதல் வரிசையிலே உட்கார்ந்திருக்கிற பெரியவர், என்னைப் பார்த்ததும் பக்கத்துல இருக்கிறவர்கிட்டே சொல்றாரு: "இவன் நம்ம பருத்திக்கடைக்காரர் மகன்லா? சின்னப்புள்ளையில மூக்கு ஒழுகிக்கிட்டே திரிவான்!" (சிரிப்பு) ஐயா, எனக்கு அம்பது வயசு தாண்டியாச்சு. டாக்டர் பட்டம் வாங்கியாச்சு. அந்த மூக்கை மட்டும் விடமாட்டேங்கிறாங்க! (சிரிப்பு) ஒருத்தனுக்கு ஊர் ஒரு உருவம் கொடுத்துட்டா அது லேசுல மாறாது. இன்னைக்கு எங்கள் அணி பேசுற சேதியும் அதுதான்.

எதிரணித் தலைவர் டாக்டர். அருமையாகப் பேசினார். மூளையிலே டோபமின் என்று ஒரு ரசாயனம், அதன் ஓட்டம் தடுமாறினால் மனச்சிதைவு, 1952-ல் பாரிஸ் நகரத்திலே குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்தார்கள், காலமெல்லாம் கத்திக்கொண்டிருந்த நோயாளிகள் அடங்கினார்கள், இதிலே ஊருக்கு என்னய்யா வேலை என்று கேட்டார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

டாக்டர் தம்பி, நீங்க சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்கலை. இது மூளையில வர்ற நோய்தான். உலகத்திலே ஏறத்தாழ 300 பேருக்கு ஒருத்தருக்கு மனச்சிதைவு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. கடவுளைக் கும்பிடுற ஊர்லயும் வருது, கும்பிடாத ஊர்லயும் வருது. ஆனா ஒரு கரிசல் சம்சாரியா நான் உங்ககிட்டே ஒண்ணு கேக்குறேன். ஐப்பசி மழை எல்லா ஊருக்கும் ஒரே மழைதானே? தாமிரபரணிக் கரையில பெஞ்சா நெல்லு. எங்க கரிசல்ல பெஞ்சா பருத்தி, கம்பு, சோளம். மழையை மட்டும் அளந்தவருக்கு வெள்ளாமை தெரியாதுங்க. மண்ணையும் பார்க்கணும். மூளை பெய்கிற மழை, எங்கள் ஊர் மண். முளைச்சு வர்றது எதுங்கிறதை முடிவு பண்றது மண்தான். (கைதட்டல்)

இதை நான் புத்தகத்திலே படித்துச் சொல்லவில்லை. என் வீட்டிலே பார்த்துச் சொல்கிறேன். எனக்கு ஒரு அண்ணன். பெரியம்மா மகன். பேர் சொல்லப் போவதில்லை. அவர் அனுமதி வாங்கித்தான் இந்த மேடையிலே பேசுகிறேன்.

1986. அவருக்கு 22 வயசு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. நல்லா பாடுவார், நல்லா கபடி ஆடுவார். ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வந்தவர், கம்மாக்கரை வேப்பமரத்தடியில நின்னுட்டாரு. இருட்டுன பிறகும் வரலை. நாங்க போய்க் கூப்பிட்டா, "உஸ்... பேசாதீங்க, முனி பேசிக்கிட்டு இருக்கு"ங்கிறாரு. எங்க ஊர்ல யாராவது அதிர்ச்சி ஆனாங்கன்னு நினைக்கிறீங்களா? ஒருத்தர்கூட ஆகலை. ஏன்னா அந்த மரத்துல முனி இருக்குன்னு எங்க தாத்தா காலத்துல இருந்தே தெரியும். இருக்கிற முனி பேசுது, அவ்வளவுதான்! "காத்து கருப்பு அண்டிருச்சு, கோடாங்கியைக் கூப்பிடு"ன்னாங்க.

ரெண்டாவது கட்டம். இடையிலே வைத்தியம் பார்த்துத் தேறியவர், மாத்திரையை நிறுத்தியதால் 1996-ல் மறுபடி விழுந்தார். இப்போ முனி வரலை. கொடைக்கானல்ல டவர் வச்ச பிறகு நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு டிவி வந்திருச்சு இல்லையா? "செய்தி வாசிக்கிற அம்மா என்னைப் பத்தித்தான் சொல்லுது, ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டு, டிவி மேல போர்வையைப் போட்டு மூடினாரு.

மூணாவது கட்டம், 2008. மறுபடியும் மாத்திரை நின்றது. இந்தத் தடவை டிவியும் இல்லை. எங்க தெருக் கோடியில செல்போன் டவர் நட்டிருந்தாங்க. "அதுல இருந்து என் மண்டைக்குள்ள பேசுறாங்க"ன்னாரு.

ஒரே மனுசன். ஒரே மூளை. ஒரே நோய். 22 வருசத்துல முனி போய் டிவி வந்தது, டிவி போய் டவர் வந்தது. டாக்டர் தம்பி, டோபமினுக்கு செல்போன் டவர் தெரியுமா? கம்மாக்கரை முனி தெரியுமா? தெரியாது. ஊர் என்ன வச்சிருக்கோ அதை எடுத்துத்தான் நோய் உடுத்திக்கிடுது. (கைதட்டல்)

இது கரிசக்காட்டு நியாயம் மட்டும் இல்லை. பிரான்சு நாட்டிலே ஆறாம் சார்லஸ் என்று ஒரு ராஜா. 1380 முதல் 1422 வரை ஆண்டவர். அவருக்குப் பித்து வந்த சில சமயங்களிலே, தன் உடம்பு கண்ணாடியால் ஆனது என்று நம்பினார். யாரும் தொட்டால் உடைந்துபோவேன் என்று பயந்தார். அவருக்குப் பிறகு இரண்டு மூன்று நூற்றாண்டு ஐரோப்பாவிலே அந்தக் கண்ணாடிப் பித்து பலருக்கு இருந்தது. இன்றைக்கு அதைக் காண்பது மிக அபூர்வம். கண்ணாடி அரிய பொருளாக, அதிசயமாக இருந்த காலத்துப் பித்து அது. இன்று வீட்டுக்கு வீடு கண்ணாடி டம்ளர் உடையுது, யார் பயப்படுறா? பிறகு மின்சாரம் வந்தது, எந்திரம் வந்தது. 1919-ல் வியன்னாவிலே விக்டர் டவுஸ்க் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். எங்கேயோ ஒளித்துவைத்த ஓர் எந்திரம் தங்களை ஆட்டிவைக்கிறது என்று நம்பிய நோயாளிகளைப் பற்றி. எங்க அண்ணன் டவர் என்று சொன்னதற்கு 89 வருசம் முன்னாடி! வியன்னாவிலே எந்திரம் முந்தி வந்தது, பித்தும் எந்திர வேசம் முந்திக் கட்டியது. எங்க ஊருக்கு எந்திரம் பிந்தி வந்தது, அதுவரைக்கும் முனி வேலை பார்த்தாரு. (சிரிப்பு)

எதிரணியிலே பேசிய அம்மையார் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். "சரி, வேசம் மாறுது. உள்ளே இருக்கிற வேதனை ஒண்ணுதானே? முனி பேசினா என்ன, டவர் பேசினா என்ன?" என்றார்கள்.

அம்மா, வேதனையும் ஒண்ணு இல்லை. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையிலே தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் உங்களுக்குத் தெரியும். அந்த நிறுவனத்து மருத்துவர்களும், தான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானிடவியல் பேராசிரியையும் சேர்ந்து ஓர் ஆய்வு செய்து 2015-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவிலே கலிபோர்னியாவில் 20 பேர், ஆப்பிரிக்காவிலே கானா நாட்டு அக்ரா நகரத்தில் 20 பேர், நம்ம சென்னையிலே 20 பேர். எல்லாருக்கும் மனச்சிதைவு சார்ந்த நோய், எல்லாருக்கும் இல்லாத குரல் கேட்கும். "உங்களுக்கு யார் குரல் கேக்குது? என்ன சொல்லுது?" இதுதான் கேள்வி.

அமெரிக்கர்களுக்குக் கேட்டது பெரும்பாலும் முகம் தெரியாத குரல். அடி, வெட்டு, சண்டை, சித்திரவதை. தங்கள் மூளை கெட்டுப்போனதன் அடையாளமாகவே அதை எடுத்துக்கொண்டார்கள். அக்ராவிலே பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையிலே? பாதிக்கு மேலே, 20 பேரில் 11 பேருக்குக் கேட்டது சொந்தக்காரங்க குரல்! அம்மா, அப்பா, மாமியார், அக்கா. என்ன சொல்றாங்க? "எந்திரி, குளி, அடுப்படிக்குப் போ, சோறாக்கு." (சிரிப்பு) திட்டவும் செய்றாங்க, புத்தியும் சொல்றாங்க. நம்ம வீட்டுல உயிரோட இருக்கிற பெரியவங்க என்ன செய்வாங்களோ அதையே இல்லாத குரலும் செய்யுது. பித்துப் பிடிச்சும் நம்மாளு கூட்டுக்குடும்பத்தை விட்டு வெளியே வரலை, நடுவர் அவர்களே! (கைதட்டல்)

சிரிச்சிட்டீங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. மண்டைக்குள்ளே முகம் தெரியாத ஒருத்தன் கத்தியோட நிக்கிறதும், செத்துப்போன அத்தை "சாப்பிடு"ன்னு சொல்றதும் ஒரே வேதனையா? குரல் கேட்பதற்குக் காரணம் மூளை. அந்தக் குரல் யாருடையது என்று சொல்லிக் கொடுப்பது ஊர். அதோடு வாழ முடியுமா முடியாதா என்பதையும் பெரும்பாலும் ஊர்தான் முடிவு செய்கிறது.

இந்த இடத்திலே எதிரணிக்கு ஒரு வலுவான கேள்வி உண்டு. அவர்கள் கேட்காவிட்டாலும் நானே கேட்டுக்கொள்கிறேன். "அப்படியானால் ஊரிலே சாமியாடுகிறவர்கள் எல்லாரும் பைத்தியமா?"

இல்லைங்க. இல்லவே இல்லை. கொடையன்னைக்குச் சுடலைமாடன் சாமியாடி நடுச்சாமத்துல மயானத்துக்கு வேட்டைக்குப் போறாரு. ஊரே வழிவிட்டு நிக்குது. அது நோயா? மறுநாள் காலையில அவரு டீக்கடையில உட்கார்ந்து, "நேத்து பாக்கி ரெண்டு ரூவா எங்கடா?"ன்னு சண்டை போட்டுக்கிட்டு இருப்பாரு! (சிரிப்பு) கொட்டு அடிச்சா சாமி வரும். கொட்டு நின்னா, துந்நூறு பூசுனா, தண்ணி தெளிச்சா, "சாமி மலையேறிருச்சு"ன்னு சொல்லுவோம். மனுசன் மனுசனாத் திரும்பி வந்திருவான். ஊரே சேர்ந்து நம்புகிற நம்பிக்கை, ஊரே சேர்ந்து செய்கிற சடங்கு, அது நோய் ஆகாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் நோய் வகைப்பாட்டு நூலே எழுதி வைத்திருக்கிறது.

நோய் என்பது என்ன தெரியுமா? கொட்டு இல்லாமல் வருகிற சாமி. கொடை முடிந்த பிறகும் மலையேறாத சாமி. செவ்வாய்க்கிழமை கொடைக்கு மயானம் போகிறவருக்குப் பின்னாலே நூறு பேர் இருக்கிறார்கள். எங்கள் அண்ணன் மழை பெய்கிற ஒரு வியாழக்கிழமை தன்னந்தனியே கம்மாக்கரைக்குப் போனார். பின்னாலே யாரும் இல்லை. தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, வேலைக்குப் போகலை, குளிக்கலை. மூணு மாசம். சாமியாடிக்குச் சாமி இறங்கினதும் உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். எங்க அண்ணனுக்கு வாழ்க்கையே வலிச்சது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். சாமி மலையேறிச்சா இல்லையான்னு பார்த்தால் போதும்.

நாங்க பார்க்கலை. அதுதான் நான் இங்கே சொல்ல வந்த குற்றம்.

அதுக்கு முன்னாடி ஒரு நியாயம் சொல்லிடறேன். கோயிலால் கெடுதல் மட்டும்தான் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது தப்பு. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலே இருக்கிற முத்துசாமி கோயிலுக்கு 2000-ஆம் ஆண்டிலே போனார்கள். மனநோய் தீரும் என்று நம்பிக் குடும்பத்தோடு வந்து தங்குகிற கோயில். 31 பேரைக் கவனித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். மருந்து இல்லை, பெரிய பரிகாரமும் இல்லை. காலையிலே பூசை, கோயில் வளாகத்தைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது. கூடவே வீட்டு ஆள் ஒருத்தர். திரும்பிப் போகும்போது நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தருகிற பலனுக்கு ஈடானது என்று 2002-ல் எழுதினார்கள். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வேறு கூட்டமும் அந்த ஆய்விலே இல்லை. அதனால் இதை மருந்துக்குப் பதில் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விரட்டாத இடம், சிரிக்காத முகம், பக்கத்திலே ஒரு சொந்தம், இதுக்கு ஒரு வைத்திய குணம் இருக்கு. அதைக் கொடுத்ததும் ஊர்தான்.

இப்போ மறுபக்கம். 2018 ஜூலை 1. டில்லியிலே புராரி என்ற பகுதி. ஒரே வீட்டிலே 11 பேர் இறந்து கிடந்தார்கள். பக்திமான் குடும்பம், கடை வைத்துப் பிழைத்த நல்ல குடும்பம். போலீஸ் தேடியபோது ஆண்டுக்கணக்கில் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. செத்துப்போன அப்பா, இளைய மகன் வாயிலாகப் பேசியிருக்கிறார். எப்போ எழுந்திருக்கணும், எப்படிப் பூசை செய்யணும், எல்லாம் உத்தரவு. கடைசியிலே ஒரு சடங்கு. அவர்கள் சாக நினைத்துச் செய்யவில்லை, சடங்கு முடிந்தால் காப்பாற்றப்படுவோம் என்று நம்பித்தான் செய்தார்கள் என்பதுதான் விசாரணையிலே வந்த முடிவு. ஒருத்தர் பிரமை வீடு முழுவதும் பரவியிருக்கிறது என்று மனநல வல்லுநர்கள் பலர் சொன்னார்கள்.

நான் சொன்ன சென்னைக் குரலும் சொந்தக்காரர் குரல்தான். டில்லிக் குரலும் சொந்தக்காரர் குரல்தான். ஒண்ணு "சாப்பிடு"ன்னு சொல்லுது, இன்னொண்ணு 11 உயிரைக் கொண்டுபோகுது. வித்தியாசம் எங்கே? "இந்தக் குரலை ஒரு டாக்டர்கிட்டே காட்டலாமா?"ன்னு கேட்க அந்த வீட்டுல ஒருத்தர் இல்லை. அப்பா சொன்னால் கேட்கணும் என்கிற நம் பண்பாடு, செத்த அப்பா சொன்னபோதும் வாயை மூட வைத்தது.

அடுத்தது நம்ம பக்கத்து மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. புகழ்பெற்ற தர்கா இருக்கிற ஊர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நோயாளிக்குக் கனவிலே உத்தரவு வரும், வந்தால் வீட்டுக்குப் போகலாம் என்பது நம்பிக்கை. உத்தரவு வருகிற வரைக்கும் தங்க வைக்கத் தனியார்கள் விடுதி நடத்தினார்கள். அப்படி ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகையிலே தீ. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள்.

தீ மூளையிலே பிடிக்கலை, நடுவர் அவர்களே. ஓலையிலே பிடித்தது. அவர்களை ஓட விடாமல் செய்தது டோபமின் இல்லை, சங்கிலி. சங்கிலியைப் போட்டது நோய் இல்லை, ஊர். (நீண்ட அமைதி)

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த விடுதிகள் மூடப்பட்டன. இன்றைக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் முதல் நடைமுறையிலே இருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று பிரிவு 95 சொல்கிறது.

ஏர்வாடிச் செய்தியைப் பேப்பரிலே படித்த அன்னைக்கு எங்க பெரியம்மா ஒரு வார்த்தை பேசலை. அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வச்சு, அவரு காலைத் தன் மடியில எடுத்து வச்சுக்கிட்டாங்க. அவரு கணுக்கால்ல கறுப்பா ஒரு வளையம் இருக்கும். இன்னைக்கும் இருக்கு.

ஆமாங்க. 1988-ல, கோடாங்கி ரெண்டு வருசம் பார்த்துத் தீராமல், கிடா வெட்டித் தீராமல், வேப்பிலை அடி அடித்துத் தீராமல், ஒரு கோயிலூருக்குக் கொண்டுபோனோம். பேர் வேண்டாம். "மண்டபத்துல கட்டிப்போடணும், பூட்டும் சங்கிலியும் நீங்க கொண்டாரணும்"னு சொன்னாங்க. பூட்டு வாங்கப் போனது யார் தெரியுமா? நான். இதே கோவில்பட்டி பஜார்ல வாங்கினேன். கடைக்காரர் ரெண்டு பூட்டு காட்டுனாரு. "எது உறுதி?"ன்னு கேட்டு வாங்கினேன்.

அப்போ நான் பி.ஏ. தமிழ் படிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வாரம் வகுப்பிலே என்ன பாடம் நடந்தது தெரியுமா? வெறியாட்டு. சங்க அகப்பாடல்களிலே ஒரு துறை. தலைவி ஒருத்தி காதலனைப் பிரிந்து மெலிந்துபோகிறாள். தாய்க்குக் காரணம் தெரியவில்லை. கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். "முருகு அணங்கியது" என்று குறி வருகிறது. வேலனைக் கூப்பிடுகிறார்கள். களம் அமைத்து, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, அவன் ஆடுகிறான். நோய் ஒண்ணு, வைத்தியம் ஒண்ணு. இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே நம்ம புலவர்கள் இதைக் கண்டுபிடிச்சு எழுதிட்டாங்க! முருகனை அவர்கள் பழிக்கவில்லை. தாயையும் பழிக்கவில்லை, அவள் பெற்றவள், துடிக்கிறாள். தப்பு நடக்கிற அந்த இடத்திலே புலவர்கள் ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தோழி. "அம்மா, இது முருகனால் வந்ததல்ல, காரணம் வேறு" என்று சொல்ல ஒருத்தி. அதற்குப் பெயர் அறத்தொடு நிற்றல்.

காலையிலே அதைப் படித்து நோட்ஸ் எடுத்தேன். சாயங்காலம் பூட்டு வாங்கினேன். பரீட்சையிலே அந்தக் கேள்வி வந்தது, நல்ல மார்க்கும் வாங்கினேன். படிச்சது எங்கே போச்சு? எங்க வீட்டுல தோழியா நின்னிருக்க வேண்டியவன் நான். நான் பூட்டோட நின்னேன்.

எட்டு மாசம் அண்ணன் அந்தச் சங்கிலியிலே இருந்தார். தோழி வேற பக்கம் இருந்து வந்தாங்க. எங்க ஊருக்குத் தடுப்பூசி போட வர்ற கிராமத்து நர்ஸம்மா. பெரியம்மாகிட்டே விசாரிச்சு, முழுக்கக் கேட்டுட்டு ஒண்ணு சொன்னாங்க: "முனி இல்லேன்னு நான் சொல்லலை தாயி. முனிக்குப் பொங்கல் வைங்க. ஆனா பிள்ளை எட்டு மாசமாத் தூங்கலைல்லா? தூக்கத்துக்கு ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில மருந்து இருக்கு. ரெண்டையும் பாப்போம்." இந்த "ரெண்டையும் பாப்போம்"ங்கிற வார்த்தைதான் எங்க அண்ணன் பூட்டைத் திறந்தது.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரும் சிரிக்கலை. "முனி என்னப்பா சொல்லுது?"ன்னு கேட்டாரு. மூணு வருசத்துல அண்ணன்கிட்டே அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவருதான். மாத்திரை ஆரம்பிச்சு ஆறேழு வாரத்துல, "முனி தூரமாப் போயிருச்சு"ன்னாரு அண்ணன். ஊர்ப் பாஷையில சொன்னா, சாமி மலையேறிருச்சு. மருந்துதான் மலையேத்துச்சு, டாக்டர் தம்பி. அந்தப் புகழ் உங்களுக்கே. (கைதட்டல்) ஆனா அந்த மருந்துகிட்டே போய்ச் சேர எங்களுக்கு மூணு வருசம் ஆச்சு. வைத்தியம் தாமதமாகத் தாமதமாக இந்த நோய் தேறுவது கடினம் என்று நீங்களே சொல்வீர்கள். அந்த மூணு வருசத்தைத் தின்னது எது? மூளையா, ஊரா?

நடுவர் அவர்கள் மணியிலே கை வைக்கிறார். முடிச்சிடறேன் ஐயா.

மூடநம்பிக்கையை ஒழித்தால் பித்து ஒழியும் என்று சிலர் பேசினார்கள். ஒழியாதுங்க. முனியை விரட்டினால் டவர் வரும். இன்றைக்குப் பிள்ளைகளுக்கு வருகிற பித்து, செல்போனுக்குள்ளே இருந்து யாரோ வேவு பார்க்கிறார்கள் என்று வருகிறது. அதனால் ஊரை மாற்ற வேண்டியது சாமி விசயத்திலே இல்லை. வாய் விசயத்திலே. ஒருத்தன் கிறுக்குத்தனமா ஏதாவது சொன்னா, "கீழ்ப்பாக்கம் கேஸு", "ஏர்வாடிக்கு அனுப்பு"ன்னு சினிமாவிலேயும் சொல்றோம், வீட்டிலேயும் சொல்றோம். அந்தக் கேலிக்குப் பயந்துதான் ஒவ்வொரு வீடும் நோயை ஒளிக்கிறது. ஒளிச்சு வச்ச நோய்க்குத்தான் கடைசியிலே பூட்டு வாங்க வேண்டி வருது.

வீட்டிலே ஒரு பிள்ளைக்குத் தூக்கம் போய், தனியாப் பேசி, யாரோ கெடுதல் பண்றாங்கன்னு பயந்து, வாரக்கணக்கிலே அது மலையேறாம இருந்தா, கோயிலுக்குப் போறவங்க போங்க. தர்காவுக்குப் போறவங்க போங்க. ஏர்வாடியிலேயே இப்போ "தவா–துவா"ன்னு, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த திட்டம் வந்தது. அது மாதிரி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கும் அதே வாரம் போங்க. யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் பண்ணுங்க. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசுவாங்க.

எங்க அண்ணனுக்கு இப்போ அறுபது தாண்டியாச்சு. ஊர்ல ஒரு சின்னப் பெட்டிக்கடையிலே உட்கார்ந்து கடலை மிட்டாய் விக்கிறாரு. கணக்குல ஒரு பைசா தப்பாது. பெரியம்மா 2015-ல் காலமாயிட்டாங்க. போன மாசம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "அண்ணே, இப்பவும் ஏதாவது குரல் கேக்குதா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கிட்டே, "எப்பவாவது ராத்திரி எங்கம்மா பேசும்"ன்னாரு. "என்ன சொல்லும்?"னேன்.

"'எய்யா, மாத்திரை போட்டியா?'ன்னு கேக்கும். எந்திரிச்சுப் போட்டுக்கிடுவேன்" என்றார்.

1986-ல் அந்த மண்டைக்குள்ளே முனியைக் கொண்டுவந்து வைத்தது இந்த ஊர். இன்றைக்கு அதே மண்டைக்குள்ளே, மாத்திரை போடச் சொல்கிற ஒரு தாயைக் கொண்டுவந்து வைத்திருப்பதும் இந்த ஊர்தான். மூளை கொடுத்தது குரல் மட்டும். அதிலே பயத்தைப் போட்டதும் நாம், பாசத்தைப் போட்டதும் நாம். ஆகவே பித்துக்கு உருவம் கொடுப்பது ஊரே, ஊரே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தீர்ப்பு எதுவானாலும் சரி, இங்கே இருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தோழி இருக்கட்டும். யார் வீட்டிலும் பூட்டு வேண்டாம்.

(பலத்த கைதட்டல்)